கடைமடையை விட்டுச் செல்லும் ஜனங்கள்: போலகத்தை முன்னிட்டு ஒரு விளக்கம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வேற்றூர் செல்வது நம் ஜனங்களுக்குப் புதிய சங்கதியன்று. ஆயினும் யார் செல்கின்றனர், எந்த மாதத்தில் செல்கின்றனர், யாருடைய பணத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு செல்கின்றனர் என்பவற்றைக் கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் விசாரித்தறிவது மிகவும் அரிதாயிருக்கின்றது. கடன் தவணை தவறிய பின்னரே, "அங்கத்தினர் ஊரில் இல்லை" என்னும் குறிப்புப் பேரேட்டில் ஏறுகின்றது. அக்குறிப்பிற்குப் பின்னே நிற்கும் காரணங்களைக் காரைக்கால் பிரதேசத்துப் போலகம் கிராமத்தை முன்னிட்டு இங்கே விளக்கப் புகுகின்றோம்.

போலகம், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்தது. பூமியின் அமைப்பைப் பார்த்தால் இது காவேரிக் கடைமடையின் ஒரு துண்டு. வாய்க்காலும் வயலும் நாகூர்ப் பக்கத்து வாய்க்காலையும் வயலையும் போன்றனவே. ஆட்சியைப் பார்த்தாலோ கதை வேறு. 1739-ல் பிரெஞ்சுக்காரர் தஞ்சை அரசரிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். அது முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்பகுதி தஞ்சாவூர் ஜில்லாவின் நடுவே ஒரு தனித் தீவாயிற்று. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகமும், 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்ட பூர்வமான உரிமையும் இந்தியாவிற்கு மாறின. 1963 முதல் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஓர் அங்கம். தலைநகரோ சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி யூனியன் பிரதேசத்தின் ஜனங்கள் 12,47,953 பேர், அவர்களுள் புதுச்சேரிப் பகுதியினர் 9,50,289, காரைக்காலினர் 2,00,222. அதாவது நான்கில் மூன்று பங்கு ஜனங்கள் தலைநகரைச் சுற்றியே வசிக்கின்றனர். ஜனத்தொகை எங்கே அதிகமோ, அங்கே கடையும் தொழிலும் உத்தியோகமும் சென்று சேருவது இயல்பே. சேரச் சேர இன்னும் ஜனங்கள் அங்கே செல்வதும் இயல்பே.

அதே கணக்கில் காரைக்காலில் ஆண்கள் 97,809, பெண்கள் 1,02,413 எனக் காண்கின்றது. ஆயிரம் ஆண்களுக்கு 1,047 பெண்கள். இந்தியா முழுமைக்குமோ ஆயிரத்திற்கு 943 தான். இவ்வித்தியாசம் முழுவதும் ஆண்கள் வெளியூர் சென்றதனால் உண்டாயிற்று என்று சொல்லிவிடலாகாது. பெண்களின் ஆயுள், பெண் குழந்தைகளைக் காக்கும் பழக்கம் முதலியனவும் அதில் கலந்துள்ளன. எனினும் எண்ணப்பட்ட காலத்தில் ஊரில் இல்லாத ஆண்களும் அக்கணக்கின் ஒரு காரணமாவர் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். போலகத்துக் கூலியாள் ஒருவன் ஒப்பந்தக்காரன் மூலம் நாகப்பட்டினத்திற்கு வேலைக்குச் சென்றால், சட்டத்தின் கண்ணில் அவன் ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொரு ராஜ்யத்திற்குச் சென்றவன் ஆவான். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு எழுநூறு கிலோமீட்டர் சென்றவனோ உள்ளூர்க்காரனாகவே எண்ணப்படுவான். ஒப்பந்தத்தின் பேரில் ராஜ்ய எல்லை கடந்து செல்லும் தொழிலாளரைக் காப்பதற்கென 1979-ல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன் விஷயங்கள் 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துள் சேர்க்கப்பட்டன. பயணச் செலவும், வேறுபாடில்லாத கூலியும், தங்குமிடமும் பேசிய அச்சட்டத்தின் பலனைக் கேட்டுப் பெற்றவர் நம் பக்கத்தில் மிகச் சிலரே. கேட்பதற்கு முதலில் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டுமன்றோ?

இனி வேலையின் காலத்தைப் பார்ப்போம். டெல்டாவின் பழைய ஒழுங்கின்படி ஜூன் மாதத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவை, அதன்பின் தாளடி, ஒரே போகம் என்றால் நீண்ட சம்பா, தை மாத அறுவடைக்கு முன்னரே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும். மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது முதல் ஜூன் 12-ஆம் தேதியை விவசாயிகள் ஒரு பண்டிகை நாளைப்போல் எதிர்நோக்கி வந்தனர். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அத்தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2020-ல்தான் மீண்டும் உரிய நாளில் திறந்தனர். தண்ணீர் தாமதித்தால் மேல்மடைக்காரன் ஆழ்குழாய்க் கிணற்றை வைத்துக் குறுவையைப் பிழைக்க வைப்பான். கடற்கரைக் கடைமடையிலோ நிலத்தடி நீர் உப்பேறியிருப்பதால் அதுவும் பலவிடங்களில் இயலாது.

காரைக்காலுக்குரிய நீரின் அளவு காகிதத்தில் திட்டமாகவே உள்ளது. 1991-ஆம் ஆண்டு காவேரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவில் 6 டி.எம்.சி. என்றது, 2007-ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் 7 டி.எம்.சி. என்றது, சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16-ல் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தபோதும் புதுச்சேரியின் 7 டி.எம்.சி.யை மாற்றவில்லை. ஆனால் வாய்க்கால்களின் தலைமதகுகள் யாவும் எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. எத்தனை டி.எம்.சி. என்பதை விட, எந்த வாரத்தில் வருகின்றது என்பதே நாற்றங்காலுக்கு முக்கியம். அந்த வாரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் கடைமடைக்கு இல்லை.

ஒரு போகம் போயிற்று என்றால் நெல் மட்டும் போவதில்லை; நடவும் களையும் அறுப்பும் போரடியும் போயின. நிலமுடையவனுக்கு அஃது ஒரு வருஷத்து லாப நஷ்டம். கூலிக்காரனுக்கோ அன்றாடக் கஞ்சி. தண்ணீர் வந்த வருஷத்திலும் அறுவடை இயந்திரம் வந்துவிட்டபடியால், முன்பு பல ஆட்கள் நாள் முழுதும் அறுத்த ஒரு ஏக்கரை அவ்வியந்திரம் இரண்டொரு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றது. ஆதலால் மாசி முதல் ஆடி வரை ஊரில் வேலை சுருங்குகின்றது. ஊரை விட்டுச் செல்லும் காலமும் அதுவே.

நம் முன்னோரும் சென்றனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தபடியால், புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்களாயின. 1861-ல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் பிரிட்டிஷ் ஜில்லாக்களிலிருந்தும் ஆள் சேர்க்க அனுமதி கிடைத்தது. ரெயூனியனுக்கும், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் தமிழர் பல்லாயிரக்கணக்கில் சென்றனர்; குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர் என்பர். துர்நடத்தைகளைக் குறித்த புகார்கள் மிகுந்தமையால் 1880-களில் பிரிட்டிஷ் சர்க்கார் அவ்வனுமதியை நிறுத்தினர். பின்னர் நாகப்பட்டினத்துக் கப்பல்கள் கங்காணியின் கையில் சிக்கியவர்களை மலாயாவிற்குக் கொண்டு சென்றன. 1938-ல் இந்திய சர்க்கார் அதையும் தடுத்தனர். கப்பலும் தூரமும் மாறின. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டும் முறை மட்டும் மாறவில்லை. இன்று கங்காணியின் இடத்தில் மேஸ்திரி நிற்கின்றார்.

இங்கிலாந்தில் ராவென்ஸ்டைன் என்னும் அறிஞர் 1881-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை ஆராய்ந்து, 1885-ல் ஜனங்களின் பெயர்ச்சியைக் குறித்துச் சில விதிகளை எழுதினார். பெரும்பாலோர் சிறு தூரமே செல்கின்றனர். ஒரு நகரத்தை நோக்கி அண்டையூரார் சென்றால், அவர்கள் விட்ட இடத்தை அதற்கும் அப்பாலுள்ளவர்கள் வந்து நிரப்புகின்றனர். ஒவ்வொரு பெருக்கிற்கும் எதிர்ப்பெருக்கு ஒன்று உண்டு என்றார். நம் நாட்டிற்கும் இவை பெரிதும் பொருந்துகின்றன. 2011-ல் தம் முந்தைய வசிப்பிடத்தை விட்டு வேறிடத்தில் இருந்தவர்கள் சுமார் 45 கோடி பேர். அவர்களுள் ராஜ்ய எல்லையைத் தாண்டியவர்கள் சுமார் 5.4 கோடி மாத்திரமே. பெண்களுள் மிகப் பெரும்பாலோர் விவாகத்தின் பொருட்டு இடம் பெயர்ந்தவர்கள்.

எதிர்ப்பெருக்கு என்றது நம் கண்முன்னே நடக்கின்றது. டெல்டாவின் ஆட்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றபின், சமீப ஆண்டுகளில் மேற்கு வங்காளத்திலிருந்து நடவாட்கள் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை ஜில்லாக்களுக்கு வந்து ஒப்பந்தத்தின் பேரில் நடுகின்றனர். இவர்கள் நம் கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று சிலர் பேசுகின்றனர். அப்பேச்சு ஆபத்தானது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, இங்கிருந்து வெகு தூரமில்லாத கீழ்வெண்மணியில், ஆதிதிராவிட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரியுண்டு மாண்டனர். கூலி உயர்வு கேட்டவர்களுக்கு எதிராக வெளியூர் ஆட்களை இறக்கியது அக்கலகம் முற்றியதற்கு ஒரு காரணமாயிருந்தது. வந்தவன் மீது பகை கொள்வதால் கூலி உயர்ந்ததில்லை. வந்தவனுக்கும் இருப்பவனுக்கும் ஒரே கூலி என்று ஊரார் உறுதிசெய்தால்தான் கூலி நிலைக்கும். இஃது எமது துணிபு.

ஒரு பிரதேசம் மட்டும் ஏன் மேன்மேலும் வளர்கின்றது? ஸ்வீடன் தேசத்துப் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்டால் 1957-ல் இதற்கு ஒரு விடை தந்தார். ஓரிடம் எக்காரணத்தாலோ முந்திக்கொண்டால், பக்கத்து இடங்களிலுள்ள மூலதனமும், படித்த வாலிபரும், வியாபாரமும் அங்கே இழுக்கப்படுகின்றன. இதனால் முந்தியது இன்னும் முந்தும், பிந்தியது இன்னும் பிந்தும் என்றார். முந்திய இடத்தின் செல்வம் சுற்றுப்புறத்திற்குப் பரவுவதும் உண்டு. ஆனால் ஏழை நாடுகளில் இழுப்பு வலிது, பரவல் மெலிது என்பது அவர் கண்டது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கின்றது. 1930-களில் சென்னை மாகாணத்து சர்க்கார் இரண்டு பெரிய வேலைகளை முடித்தனர். பைக்காரா நீர்மின்சாரம் கோயமுத்தூர்ப் பக்கத்திற்கு வந்தது. மேட்டூர் அணையின் தண்ணீர் தஞ்சாவூர்ப் பக்கத்திற்கு வந்தது. தண்ணீர் வந்த இடம் செழிக்கும், புன்செய்ப் பிரதேசம் காயும் என்றே யாரும் அன்று எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. வானத்தையும் கிணற்றையும் நம்பிப் பருத்தி விளைத்த கொங்கு நாட்டார், மின்சாரத்தைக் கொண்டு பருத்தி அரைக்கவும் நூற்கவும் பின்னவும் தொடங்கினர். சிறு முதலாளிகள் பலர் தோன்றினர். தஞ்சையில் மிராசுதாரர் கையில் சேர்ந்த பணம் மீண்டும் நிலத்திலேயே முடங்கியது, அல்லது பிள்ளைகளின் படிப்புடன் பட்டணம் போயிற்று. மண் வளமாயிருந்ததே தொழில் வளராமைக்கு ஒரு காரணமாயிற்று எனலாம். இன்று நன்செய்யின் பிள்ளைகள் புன்செய்க்கு வேலை தேடிச் செல்கின்றனர்.

ரெயில் பாதையின் கதையும் அவ்வாறே. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-ல் ரெயில் வந்தது. 1980-களில் அது மூடப்பட்டது. நாகூர் வழியாக 2011-ல் மறுபடியும் ரெயில் காரைக்காலை எட்டும் வரை, சுமார் ஒரு தலைமுறைக் காலம் இவ்வூர் ரெயில் இல்லாத ஊராயிருந்தது.

பின்தங்கிய இடங்களைக் கைதூக்கிவிடும் முயற்சிகள் நடக்காமலில்லை. பிரெஞ்சு தேசத்துப் பொருளாதார அறிஞர் பிரான்சுவா பெரூ 1950-களில் ஒரு கருத்தை வெளியிட்டார்: வளர்ச்சி எங்கும் ஒரே சமயத்தில் தோன்றுவதில்லை, சில முனைகளில் தோன்றிப் பரவுகின்றது என்பது அது. இதைப் பின்பற்றிப் பல தேசத்து சர்க்கார்கள், பின்தங்கிய இடத்தில் நாமே ஒரு முனையை நட்டுவிட்டால் வளர்ச்சி அங்கிருந்து பரவாதா என எண்ணலாயினர். இந்திய சர்க்கார் 1988-ல் வெளியிட்ட வளர்ச்சி மையத் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. மின்சாரம், தண்ணீர், சாலை, தந்தித் தொடர்பு ஆகியவற்றைச் சில குறித்த இடங்களில் ஒருசேரக் கொடுத்து ஆலைகளை வரவழைப்பது அதன் நோக்கம். யூனியன் பிரதேசத்தின் பங்கிற்கு வந்த மையம் போலகத்தில் அமைந்தது. பிரெஞ்சு அறிஞரின் எண்ணம் டில்லி வழியாகச் சுற்றி வந்து பழைய பிரெஞ்சு நாட்டு வயலில் இறங்கியது என்று சொல்லலாம்.

திருமலைராயன்பட்டினம் கொம்யூனில், காவேரிப் படுகையில் எடுக்கப்படும் எரிவாயுவைக் கொண்டு 32.5 மெகாவாட் மின்சாரம் உண்டாக்கும் நிலையம் 2000-ல் வேலை தொடங்கியது. வாஞ்சூரில் 2009-ல் தனியார் துறைமுகம் திறக்கப்பட்டது. இவையெல்லாம் வந்தும் ஆட்கள் ஏன் செல்கின்றனர் என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. காரணம், பணம் அதிகம் விழுங்கும் தொழில் ஆட்களை அதிகம் வேண்டுவதில்லை என்பதே. எரிவாயு குழாயில் வருகின்றது, மின்சாரம் கம்பியில் செல்கின்றது. இடையே யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சிலரே போதும், அவர்களும் தேர்ச்சி பெற்றவர்களாயிருக்க வேண்டும். துறைமுகத்தில் நிலக்கரியைப் பாரந்தூக்கியே இறக்குகின்றது. பின்னலாடைத் தொழிலோ வெட்டவும் தைக்கவும் மடிக்கவும் ஆயிரம் கைகளைக் கேட்கின்றது. ஆதலால் புகைபோக்கியின் உயரத்தைக் கொண்டு ஒரு கிராமத்தின் வேலையை அளக்க முடியாது. பெரூ சொன்ன முனையும், அதைச் சுற்றிச் சிறு தொழில்கள் அதற்குப் பொருள் விற்றும் அதனிடம் வாங்கியும் வளர்ந்தாலன்றி, வயலில் நட்ட ஒரு கம்பமாகவே நிற்கும்.

படிப்பின் விஷயத்தில் காரைக்கால் பின்தங்கவில்லை. 1987-ல் விவசாயக் கல்லூரியும், 2010-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகமும், 2016-ல் ஜிப்மர் வைத்தியக் கல்லூரியின் கிளையும் இங்கே ஏற்பட்டன. இவை நன்மையே. ஆனால் படித்தவனுக்கு ஊரில் வேலை இல்லையானால், கல்லூரி என்பது ஊரை விட்டுச் செல்லும் ஒரு நல்ல வாயில் ஆகின்றது.

இனிச் சங்கத்தின் காரியத்திற்கு வருவோம். ஒருவன் வெளியூர் செல்வதைச் சங்கம் தடுக்க வேண்டியதில்லை, தடுக்கவும் இயலாது. அவன் எந்த நிலையில் செல்கின்றான் என்பதே நம் கவலை. ஒரு கணக்கைப் பாருங்கள். இது விளக்கத்தின் பொருட்டு நாம் வைத்துக்கொண்ட கணக்கு. ஆடி மாதம் வீட்டில் ஒன்றுமில்லாத சமயம் மேஸ்திரி 20,000 ரூபாய் முன்பணம் கொடுக்கின்றார். வட்டி இல்லை என்கின்றார். வேலையிடத்தில் நாளொன்றுக்கு 150 ரூபாய் பிடித்துக்கொள்கின்றார். கடன் தீர 134 நாட்கள் ஆகும். ஆனால் முன்பணம் வாங்காதவனுக்குக் கிடைக்கும் கூலியை விட இவனுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் குறைவு. 134 நாட்களில் 13,400 ரூபாய் போயிற்று. வட்டி இல்லாத கடனுக்கு மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கு வட்டி! அதே 20,000 ரூபாயைச் சங்கம் ஆண்டிற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் கொடுத்து, முழுத்தொகையையும் கடைசி நாளில் பெற்றாலும், 134 நாட்களுக்கு வட்டி 900 ரூபாயை எட்டாது. சங்கம் கொடுத்த கடனுடன் சென்றவன் தன் கூலியைப் பேசி வாங்குவான். மேஸ்திரியின் கடனுடன் சென்றவன் கொடுத்ததை வாங்குவான். ஆனால் அக்கடன் ஆடியில் கிடைக்க வேண்டும். ஆவணியில் கிடைக்கும் கடன், ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டவனுக்கு உதவாது.

பயிர்க் கடன் நிலமுள்ளவனுக்கே கிடைக்கின்றது. வாய்மொழிக் குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் கிடைப்பதில்லை என்பதையும் பஞ்சாயத்தார் நினைக்க வேண்டும். இவர்களுக்கு ஐவர் அறுவராகக் கூட்டுப் பொறுப்பில் கடன் கொடுக்கலாம். அதில் ஒரு எச்சரிக்கை: ஒரே மேஸ்திரியுடன் ஒரே ஊருக்குச் செல்பவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கக் கூடாது. அங்கே வேலை நின்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் நிற்கும். 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது, நடந்தே ஊர் திரும்பியவர்களை நாம் மறக்கவில்லை. கடன்பட்டவனும் ஜாமீன்தாரனும் ஒரே சாலையில் நடந்தனர்.

சென்றவனுடைய பெயர், சென்ற இடம், ஒப்பந்தக்காரரின் பெயர், பேசிய கூலி, வீட்டில் பொறுப்பாயிருப்பவர் பெயர் ஆகியவற்றைச் சங்கத்தில் ஒரு தனி நோட்டில் எழுதி வைப்பது அதிகச் செலவில்லாத காரியம். கூலி தகராறு வந்தாலும், விபத்து நேர்ந்தாலும், சட்டத்தின் முன் காட்ட அதுவே முதல் அத்தாட்சியாகும். கணவன் வெளியூரிலிருக்க, வீட்டையும் நிலத்தையும் நடத்துகின்றவள் மனைவியே. ஆனால் பங்கும் பாஸ் புத்தகமும் கணவன் பெயரிலிருப்பதால், விதை வாங்கவும் அவன் கையெழுத்து வேண்டியிருக்கின்றது. அத்தகைய வீடுகளில் மனைவியையும் தனி அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. பழக்கத்தின் தடை மட்டுமே உண்டு.

நடவாட்கள் குறைந்த இடத்தில், நடவு இயந்திரத்தைச் சங்கமே வாங்கி வாடகைக்கு விடலாமா என்று சிலர் கேட்கின்றனர். விடலாம். ஆனால் அவ்வியந்திரத்திற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். பழைய நாற்று உதவாது. பாய் நாற்றங்கால் போடும் வேலையை ஊர்ப் பெண்களின் குழு ஒன்றிற்குக் கூலிக்கு ஒப்படைத்தால், யந்திரத்தால் போன வேலையில் ஒரு பகுதியேனும் ஊரிலேயே தங்கும்.

கடைசியாக மகாசபையின் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் ஆள் இல்லாத மாதத்தில் கூட்டினால் குறைவெண் சேராது. சேர்ந்தாலும், நிலமுள்ள நாலு பேர் தீர்மானித்ததே தீர்மானமாகின்றது. வெளியூர் சென்றவர்கள் பொங்கலுக்கு ஊர் வருகின்றனர். மாட்டுப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், அவர்கள் திரும்பி பஸ் ஏறுவதற்கு முன், ஒரு விசேஷ மகாசபையைக் கூட்டி, அடுத்த ஆடிக் கடனுக்குரிய பெயர்களை அன்றே எழுதி முடிக்கலாம்.